ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

கோட்டைக்குப்பம் மீனவர் சங்கத்தின் தலைவர் சுப்பராயலு என் நைனா. ஏரியில் யார் எப்போது எங்கே வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். இந்த முறை நைனாவின் குழுவுக்குக் கடைசிப் பாடு விழுந்தது. அந்த எரிச்சலை மனுஷர் கம்ப்யூட்டரில் தீர்த்துக்கொண்டார்.

சங்கத்துக்குப் புதிதாக வந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்க நேற்று மோகன்குமாரைக் கூப்பிட்டிருந்தார். எங்கோ ஒரு ஆபீசில் ஒயர் இழுக்கிறவன். கழுத்தில் அட்டை, வாயில் இங்கிலீஷ். நெட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு என்று அவன் சொன்னதுதான் தாமதம்.

"அப்போ நம்மளுதுக்கு ஒண்ணாம் நம்பர் போடு" என்றார் நைனா.

"போட்டா போச்சு தலைவரே" என்றான் அந்த மேதாவி.

போட்டான். நெட் அதோடு செத்தது.

எனக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் நர்சிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்ய வேண்டும். விட்டால் சீட் போச்சு. குப்பத்தில் போன் சிக்னலை நம்பினால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. மோகன்குமாரை மறுபடி வரவழைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். "லினக்ஸே இப்படித்தான், விண்டோஸ் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். தெரியாததை எவ்வளவு தைரியமாகச் சொல்கிறான்!

நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். 192.168.1.1. கடைசியில் நிற்பதுதான் நைனா கேட்ட ஒன்று. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் அதே எண். நெட்டைக் கொடுக்கிற பெட்டியின் நம்பரையே பிடுங்கி இதற்கு மாட்டிவிட்டால் நெட் எங்கிருந்து வரும்? ஆட்டோமேட்டிக் என்று மாற்றினேன். வந்துவிட்டது.

நைனா எட்டிப் பார்த்தார். "இப்போ இன்னா நம்பர்?"

"முப்பத்தேழு."

"முப்பத்தேழா? ஒண்ணை மறுபடி போடு, வளரு."

"போட்டா நெட்டு போயிடும் நைனா. என் சீட்டும் போயிடும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அங்கயும் கடைசி, இங்கயும் முப்பத்தேழுன்னு ஊரே சிரிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் கேட்டதற்காகத்தான், முதல் விருப்பமாகச் சென்னைக் கல்லூரியை வைத்திருந்தேன். அதைக் கீழே தள்ளினேன். நாகர்கோவிலை முதலில் வைத்து உறுதிசெய்தேன்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "இப்போ போட்டுக்கோ நைனா, உன் ஒண்ணாம் நம்பரை."