எண்பத்தெட்டாவது நிமிடம்

இல்லை, கை வழுக்கவில்லை, பந்து கைக்கு வந்தால்தானே வழுக்க, கை போனதே தாமதம்… அவள் வீடியோவை மறுபடியும் பின்னால் ஓட்டினாள். எண்பத்தெட்டாவது நிமிடம், இரண்டுக்கு இரண்டு. கோல்கீப்பருக்கு இடப்பக்கத்திலிருந்து ஒருவன் சும்மா அடித்துப் பார்ப்போமே என்று அடித்த பந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும், அது கோல்கீப்பரின் முழங்கையைத் தாண்டி உருண்டு உள்ளே போய்விட்டது. எழுபது நிமிடம்வரை இரண்டு கோல் முன்னால் நின்ற இவர்கள் அணி நேற்று இப்படித்தான் தோற்றது. இன்று பதினோரு மணிக்கு ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் இந்தத் திரைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள், எங்கே சறுக்கினோம் என்று அவள் வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். மணி எட்டே முக்கால். கோச் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார், கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, "யாரு கோட்டை விட்டதுன்னு எனக்குத் தெரியும். நீ வீடியோவ மட்டும் குடு" என்றார். சொன்னவர் ஒரு கணம் தயங்கவும் செய்தார், கோட்டை விட்ட கோல்கீப்பர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

தெரிந்தால் தெரியட்டும். அண்ணன் தயவில் வந்தவள் என்று நாலு வருஷமாகக் காதுபடவே பேசுகிறார்கள், அந்த வாய்களுக்கெல்லாம் இன்று பதில் சொல்லிவிடுவது என்று விடிந்ததும் விடியாததுமாக வந்து உட்கார்ந்திருந்தாள். வாங்கிய முதல் கோல் பெனால்டி, நடுவில் நின்று தடுத்தாடும் ஸ்டாப்பர் தேவையே இல்லாமல் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான், அண்ணன் மேல் தப்பில்லை. இரண்டாவது கார்னர், கேப்டன் தன் ஆளை அம்போ என்று விட்டுவிட்டுப் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார், அதிலும் அண்ணன் மேல் தப்பில்லை. இரண்டையும் வெட்டி எடுத்தபோது அவளுக்கு ஒரு குரூர சந்தோஷம்கூட வந்தது. மூன்றாவதில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள். வெயிலில் கண் கூசியதா? வெயில் அவன் முதுகுக்குப் பின்னால். யாராவது மறைத்தார்களா? ஒருத்தரும் இல்லை. பிறகு ஏன்… சின்ன வயதில் சந்துக்குள் இரண்டு வாளியைக் கவிழ்த்து வைத்து நடுவில் நின்றுகொள்வான், இன்னும் ஓங்கி அடி குட்டி, இன்னும் ஓங்கி, அவள் எந்தப் பக்கம் அடித்தாலும் கால் கிளம்பும்போதே அவன் உடம்பு அங்கே போயிருக்கும். அந்த உடம்பா இது?

பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார், என்று தனக்கே சொல்லிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். பந்து வலப்பக்கம் இருக்கும்போது அவன் கண் மட்டும் அசைகிறது. இடப்பக்கம் போனதும் கழுத்தோடு முகம் முழுக்கத் திரும்புகிறது, கோழி பார்ப்பதுபோல, அந்தத் திருப்பத்தில்தான் அரை நொடி போகிறது. போன வாரத்து ஆட்டத்தைத் திறந்தாள். அங்கேயும் கழுத்து. அதற்கு முந்தையதிலும் கழுத்து, அதில் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனதால் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். போனை எடுத்து அண்ணனுக்கு, மேலே வா என்று மட்டும் அனுப்பினாள்.

ஈரத்தலையோடு வந்தான். அவள் ஒன்றும் கேட்காமல் மூன்று ஆட்டத்துத் துண்டுகளையும் வரிசையாக ஓடவிட்டாள், திரை நின்ற பிறகும் அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எத்தனை நாளா, அண்ணா?"

"ஒன்றரை மாசம். இடது கண்ணுல ஓரமா ஒரு திரை விழுந்த மாதிரி இருக்கு."

"டாக்டர்?"

"உடனே ஆபரேஷன்ங்கறார். தள்ளிப்போட்டா முழுசா போயிடுமாம். சீசன் முடியட்டும்னு…"

"அண்ணிக்குத் தெரியுமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று. பிறகு, "அந்தக் கழுத்து திரும்பற துண்டுகள மட்டும் விட்டுடு குட்டி. கவனக்குறைவுன்னு திட்டு வாங்கிக்கறேன், இன்னும் அஞ்சு ஆட்டம்தானே" என்றான். திட்டு வாங்கிக்கொள்வானாம். அஞ்சு ஆட்டம் முடிவதற்குள் ஒரு கண் போய்விடும், அதைச் சில்லறை போல எடுத்து நீட்டுகிறான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது, அந்தக் கோபத்தில் குரல் நடுங்காமல் வந்ததுதான் ஆச்சரியம்.

"விடமாட்டேன். பத்தரைக்குள்ள நீயே கோச் கிட்ட சொல்லிடு. நீ சொல்லலேன்னா பதினோரு மணிக்கு இந்தத் திரை சொல்லும். அண்ணிக்கு இப்பவே போன் பண்ணு, என் முன்னாடியே."

அவன் முறைத்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனைக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் அண்ணி முதலில் சிரித்துப் பேசியதும், பிறகு எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு என்று அடுக்கியதும் அவளுக்கே கேட்டது. பேசி முடித்துவிட்டு, "கோச் ரூம்ல இருக்காரா?" என்று கேட்டான். இருக்கார், என்றாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

இனி வேலை. கை நிற்கக் கூடாது, நின்றால் அழுகை வந்துவிடும். பெனால்டி, கார்னர், எண்பத்தெட்டாவது நிமிடம், மூன்றையும் கோத்தாள், இந்த ஒன்றரை மாதத்தில் இடப்பக்கம் வந்த பந்துகளையும் கூடவே சேர்த்துவிட வேண்டும், ஸ்டாப்பரும் கேப்டனும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், ஒருத்தரையும் விடப்போவதில்லை. அஞ்சு வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தைத் திறந்தாள். நாற்பத்தோராவது நிமிடத்தில், கவனிக்க வேண்டிய இடத்துக்கு வைக்கும் சிவப்புக் குறி, பக்கத்தில் குறிப்பாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஓடவிட்டாள். இடப்பக்கத்துப் பந்து, கழுத்து திரும்புகிறது. இந்த வீடியோக் கோப்புகளை அவளைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. அப்படியானால் குறி வைத்தது அவளேதான்… எதற்காக வைத்தோம், ஏன் எதுவும் எழுதாமல் விட்டோம், அன்றைக்கு என்ன பார்த்தோம்? கை அழிக்கும் பொத்தானுக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. ஒருத்தரையும் விடுவதில்லை என்றால் தன்னையும்தான், அந்தத் துண்டையும் குறியோடு அப்படியே எடுத்து, வரிசையில் முதலாவதாக வைத்தாள்.