நூற்றுப்பத்து கிலோவும் ஒரு மூச்சும்

1

இந்தக் கதையில் வருகிற தலைவலி என்னுடையதல்ல. திருடியது. சொந்தக்காரி பெயர் சாருலதா. எம்.எஸ்ஸி. வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு.

முதல் வரைவில் அந்தத் தலைவலியை ஓர் ஆணுக்குக் கொடுத்திருந்தேன். அவனுக்குத் தாடி வைத்தேன். வலிக்குக் காரணம் நவீன வாழ்வின் வெறுமை என்று மூன்று பக்கம் எழுதினேன். கேன்டீனில் அதைப் படித்துவிட்டு சாருலதா இரண்டு கேள்விகள் கேட்டாள். "உன் வெறுமை எத்தன கிலோடா?" என்பது முதலாவது. இரண்டாவதை அச்சில் போட முடியாது.

பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தலைவலியை நான் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வரைவையும் அவள் படிப்பாள். தாடி கூடாது. அவளைச் சாகடிக்கவும் கூடாது. கடைசி நிபந்தனையில் எனக்கு வருத்தம்தான். சாவு இல்லாத கதையை யார் பரிசுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்?

2

தொடக்கம் ஒன்று: செகந்திராபாத் தார்நாகாவின் மரங்களுக்கு மேல் மாலைச் சூரியன் ஓர் இரும்புத் தட்டைப் போலத் தொங்கிக்கொண்டு—

(விட்டுவிட்டேன். அவள் பயிற்சி செய்யும் ஜிம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சூரியன் உள்ளே வர வழியில்லை.)

தொடக்கம் இரண்டு: வலி என்பது உடல் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும்—

(இதை அவளே அடித்துவிட்டாள். பேனா என்னுடையது.)

தொடக்கம் மூன்று: பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொண்ணூறு கிலோ கம்பியைத் தரையிலிருந்து தொடைவரை தூக்கி நிமிர்ந்த அந்த நொடியில், சாருலதாவின் பின்மண்டைக்குள் யாரோ ஓர் இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள்.

இது இருக்கட்டும் என்றாள்.

வலி மெல்ல மெல்ல வரவில்லை. ஒரு நொடிக்கு முன்பு இல்லை, மறுநொடி முழுதாக இருந்தது. அவள் கம்பியை இறக்கிவிட்டு, தலையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். கோச் சாய்குமார் ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காகப் பளு தூக்கியவர், செகந்திராபாத்காரர். பெரம்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது. தண்ணீர் குடி, சரியாகிவிடும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு போன் போட்டார், ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

திடீரென்று வெடிக்கிற தலைவலியை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது என்று டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பளு தூக்கும்போது சிலருக்கு இப்படி வரும் என்றார். மூன்று வாரம் ஓய்வு, பிறகு சின்ன எடையிலிருந்து நிதானமாக. மறுபடி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வா. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதே.

[இங்கே ஸ்கேனில் ஒரு கருநிழல் தெரிவதாகவும், வெளியே மழை பெய்வதாகவும் பன்னிரண்டு வரிகள் எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தது. "ஸ்கேன் ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு. உன்கிட்ட மழை மட்டும்தான் இருக்கு" என்றாள்.]

3

அவளுக்கு ஏன் இந்த வேலை என்று வாசகர் கேட்கலாம். அவள் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

போன வருடம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் சாருலதா நூற்றுப்பத்து கிலோவைத் தூக்கி நிமிர்ந்து நின்றாள். நின்ற மகிழ்ச்சியில் கம்பியைப் போட்டுவிட்டாள். நடுவர் கையைக் கீழே இறக்கி "டவுன்" என்று சொல்லும்வரை அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. நடுவரின் கை அப்போது மேலேதான் இருந்தது. செல்லாது என்று மூன்று சிவப்பு விளக்குகள். தூக்கியும் தூக்காதவளாக ஒரு வருடம் திரிந்தாள். இந்த வருடம் அந்த நூற்றுப்பத்து அவளுக்கு வேண்டும். கதையின் கரு இவ்வளவுதான். வெறுமை எதுவும் இல்லை.

ஓய்வு முடிந்து அறுபது, எழுபது, எண்பது என்று ஏறினாள். தொண்ணூறில் மறுபடியும் அதே கதவு. சின்னதாக, ஆனால் அதே கதவு. உடனே நிறுத்தினாள், டாக்டரைப் பார்த்தாள். அவர் மூச்சைப் பற்றி மறுபடி கேட்டார். விடுகிறேன் என்று சத்தியமாகச் சொன்னாள். அவளுக்கே அது உண்மை என்றுதான் நினைப்பு.

அவள் அம்மா வேதா, பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஆட்டிவைப்பவர். வீட்டிலும் சுருக்கமாகவே ஆணை பிறப்பிப்பார். "இன்னொரு வாட்டி தலையப் பிடிச்சுண்டு உக்காந்தியானா, அந்த ஜிம் பெல்ட்டு பரணுக்குப் போயிடும். அப்பறம் எங்கிட்ட கேக்கப்படாது."

"சரி" என்றாள் சாருலதா. அந்தச் சரியை அவள் மனதாரச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

போட்டிக்கு நான்கு வாரம் இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. சாருலதாவின் அப்பா. இப்படி ஒருவரை நான் கற்பனையாகப் படைத்திருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

பத்ரிநாராயணன் ஆய்வுக்கூடத்தில் ரசாயன விஞ்ஞானி. மகளின் தலைவலிக்கு அவர் இருபத்துமூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போட்டார். தூக்கம், காபி, இட்லி எண்ணிக்கை, ஷூ, கிழமை. இரண்டு தலைவலிகளும் செவ்வாய்க்கிழமை வந்தவை என்பது தெரிந்ததும் வேதா அனுமாருக்கு நேர்ந்துகொண்டார். அட்டவணையில் மூச்சுக்குப் பத்தி இல்லை.*

ஒரு சனிக்கிழமை காலை. பத்ரிநாராயணன் ஃபில்டருக்குக் காபிப் பொடி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கரண்டியில் அளப்பவரல்ல. குட்டித் தராசில் முப்பத்தாறு கிராம். இருபத்தெட்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம்களை நிறுத்தவர். அங்கே இருக்கிற தராசின் மேல் மூச்சுக் காற்று பட்டாலே எண் மாறிவிடும். அதனால் எதை நிறுத்தாலும் வாயை இறுக்கி மூச்சைக் கட்டிக்கொள்வார். வீடும் அப்படியே பழகிவிட்டது. வேதாவின் தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. வாசற்படியில் நின்ற சாருலதாவும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

எண் முப்பத்தாறில் நின்றது. மூவரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

சாருலதா நகரவில்லை.

ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. அவளை நான் முன்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோக்கள் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் வேண்டும் என்றாள். ஆறு இருந்தது. கோச் எப்போதும் முதுகையும் முட்டியையும் பார்ப்பவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆறிலும் உதடு ஒட்டியிருந்தது, கன்னம் பூரிபோல உப்பியிருந்தது. மில்லிகிராமுக்குக் கட்டிய மூச்சை அவள் தொண்ணூறு கிலோவுக்கும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது உன்னோட தலைவலிப்பா" என்று போனை நீட்டினாள்.

அவர் ஆறையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஆறுக்கு ஆறு. சாம்பிள் சின்னதுதான்" என்றார். பிறகு எழுந்துபோய் அட்டவணையில் இருபத்துநான்காவது பத்தியை வரைந்தார். அதற்குத் தலைப்பு எழுதும்போதும் அவர் மூச்சு விடவில்லை.

* நானும் அதே ஜிம்மில் ஒரு மாதம் சேர்ந்திருந்தேன். எனக்குத் தலைவலி வரவில்லை. தலைவலி வருகிற அளவுக்கு நான் எதையும் தூக்கவில்லை.

5

தெரிந்துகொண்டால் போதும் என்று எழுதிக் கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் இருபது வருடப் பழக்கத்தின் காதில் எந்தச் செய்தியும் ஏறுவதில்லை. கம்பியைப் பிடித்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. சாய்குமார் புது வழி கண்டுபிடித்தார்: தூக்கும்போது பேசு. எதையாவது பேசு. பேசுகிற வாயால் மூச்சைக் கட்ட முடியாது.

அவள் என்னைத் திட்டினாள். ஐம்பதில் தொடங்கி நான்கு வாரம். எண்பதில் என் கவிதைகளை, தொண்ணூறில் என் தாடியை (எனக்கே இருந்தது, கதையில் தடைசெய்யப்பட்டது). நூறு கிலோவில் என் எதிர்காலத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரு முழு வாக்கியம். கதவு சாத்தவில்லை. டாக்டரும் சரி என்றார். வலித்தால் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அப்படியே இருந்தது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு உண்டு.

முடிவு அ: கம்பி முட்டியோடு நின்றுவிடுகிறது. பங்கேற்பதே வெற்றி என்று யாரோ—

(சாருலதா இந்தத் தாளில் வடை எண்ணெயை ஒற்றியெடுத்தாள்.)

முடிவு ஆ: நடந்தது.

செகந்திராபாத்தில் ஒரு ஃபங்ஷன் ஹால். முந்தின நாள் கல்யாணத்தின் சாமந்திப்பூ மேடை ஓரத்தில் இன்னும் கிடந்தது. சாருலதாவின் மூன்றாவது, கடைசி வாய்ப்பு. நூற்றுப்பத்து. "ஜல்தி நக்கோம்மா, அவசரம் வேணாம். கை எறங்கற வரைக்கும் நில்லு. கடைசி பஸ்ஸா போயிடப்போகுது?" என்று சாய்குமார் பெல்ட்டை இறுக்கிவிட்டார்.

திட்டுவதற்காக அவள் கண்கள் என்னைத் தேடின. எனக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம் எழுந்து நின்றிருந்தது. நான் தெரியவில்லை. குனிந்து கம்பியைப் பிடித்தாள். பிடித்ததும் உதடு ஒட்டிக்கொண்டது. உள்ளே அந்தக் கதவு மெல்ல நகர்வதைப் போல அவளுக்குத் தோன்றியது. தலை நிமிர்த்திப் பார்த்தாள்.

முதல் வரிசையில் அப்பா. வாய் இறுகி, கன்னம் உப்பி, கண் தராசின் எண்ணைப் பார்ப்பதுபோல் கம்பியின் மேல் நிலைத்திருக்க, மூச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மாவும் அப்படியே.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் உதடு பிரிந்தது. கம்பி தரையைவிட்டுக் கிளம்பியது.

"அப்பா…" கம்பி கணுக்காலைத் தாண்டியது. "மூச்ச…" முட்டி. "விடுப்பா…"

கடைசி எழுத்து ஹாலின் மறுமூலையைத் தொட்டபோது கம்பி தொடையில் இருந்தது. முட்டி பூட்டி, தோள் பின்னால் போய், நிமிர்ந்து நின்றாள். பின்மண்டைக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அங்கே ஒரு கதவு இருந்ததற்கான தடயமே இல்லை. பத்ரிநாராயணன் விட்ட மூச்சு பின்வரிசையில் எனக்கே கேட்டது.

7

அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள். இந்தமுறை போடமாட்டாள், அவசரமில்லை. ஆனால் நூற்றுப்பத்து கிலோ என்பதையும் மறக்க வேண்டாம்.

நடுவர் நாற்காலியை உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறேன். கை உங்களுடையது, மேலே இருக்கிறது. இறக்கிவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் அவளுக்குக் கேட்காது. நீங்களும் ஆறாம் பகுதியிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாயைத் திறக்காமல் அதைச் சொல்ல முடியாது.