இருபத்துமூன்றில் நான்கு

விளையாட்டுக் கழகத்தின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு, இதுவரை ஆடிய கூடைப்பந்து வீராங்கனைகளில் சிறந்த ஒருத்தியைத் தெரிவுசெய்து முகப்பில் படம் போடுவதென்று முடிவாகியிருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் போக மீனலோசனிக்கு மனமில்லை. தன்னைப் பற்றிப் பேசுகிற இடத்தில் தானே போய்க் குந்தியிருப்பது கூச்சமாயிருந்தது. பிரியவதனிதான் விடவில்லை. வராவிட்டால் தலைக்கனம் என்பார்கள் என்று இரண்டு நாளாகத் தொலைபேசியில் சொல்லி, ஞாயிறு காலை சுருவிலிலிருந்து மீனலோசனியின் ஸ்கூட்டியிலேயே பின்னால் ஏறி வேலணைக்கு வந்தாள்.

பதினொரு வயதிலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது பிரியவதனி, கூடைக்குள் எறிவது மீனலோசனி. இப்போது மீனலோசனி கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். பிரியவதனி கழகத்தின் பயிற்றுநர், நாற்பது பிள்ளைகள் அவளிடம் பழகுகிறார்கள்.

செயலாளர் நிமலன் பழைய ஸ்கோர்ப் புத்தகங்கள் முழுவதையும் கணினியில் ஏற்றி, சுவரில் படமாகக் காட்டினான். மொத்தப் புள்ளிகளில் மீனலோசனிக்குக் கிட்டவும் ஆரும் இல்லை. ஆனால் எறிந்த நூறில் அவளுக்கு விழுந்தது முப்பத்தொன்றுதான். கனடாவுக்குப் போய்விட்ட லோஜனாவுக்கு நாற்பத்தெட்டு. எறிந்ததில் பாதிகூட விழுத்தாதவரைச் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது என்று நிமலன் மரியாதையாகத்தான் கேட்டான்.

தலைவர் அரியநாயகம் பழைய கூடைப்பந்து மத்தியஸ்தர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடைசி நேரத்திலை எல்லாரும் பந்தை ஆரிட்டைக் குடுத்தவை? தனிய நிண்டு எறிஞ்ச லோஜனாவையும், ரெண்டு பேர் மறிக்க எறிஞ்ச இவவையும் ஒரே தராசிலை போட ஏலாது தம்பி."

மேசையைச் சுற்றியிருந்தவர்களில் பலர் தலையாட்டினார்கள். அப்போது நிமலன் அவளுடைய கடைசி ஆட்டத்தின் பக்கத்தைக் காட்டினான். மாகாண இறுதிப் போட்டி. எறிந்தது இருபத்துமூன்று, விழுந்தது நான்கு. மூன்று புள்ளியால் தோல்வி. கை வராத நாளில் பந்தை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஏன் எறிந்துகொண்டே நின்றார் என்று கேட்டான்.

அரியநாயகம் பிரியவதனியின் பக்கம் திரும்பினார். அன்றைய அணித்தலைவி அவள்.

மீனலோசனிக்கு நெஞ்சு இலேசானது. அரையிறுதியில் விழுந்தபோது அவளுடைய வலக்கை நடுவிரல் முறிந்துபோனது. உடுப்பு மாற்றும் அறையில் அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டவள் பிரியவதனி. பயிற்றுநருக்குச் சொன்னால் வெளியே இருத்திவிடுவார், நீர் நின்றால்தான் இரண்டு பேர் உம்மை மறிப்பார்கள், எனக்கு வழி கிடைக்கும் என்று கெஞ்சியவளும் அவள்தான். ஆனால் ஆட்டத்தில் அவளுக்கும் வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் பந்தை மீனலோசனியின் கைக்கே எறிந்தாள். தலைக்கனத்தால் தோற்கடித்தாள் என்று ஊர் சொன்னபோதெல்லாம் மீனலோசனி வாய் திறக்கவில்லை. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

பிரியவதனி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பந்தைக் குடுக்கச் சொன்னனான். அவ கேக்கேல்லை."

மீனலோசனிக்குத் தான் கேட்டது சரிதானா என்றே விளங்கவில்லை.

"அண்டைக்கு என்ரை விரல் முறிஞ்சிருந்தது. கட்டிவிட்டது பிரியா," என்றாள்.

எல்லோரும் பிரியவதனியைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஞாபகமில்லை," என்றாள் அவள்.

அதற்கு மேல் விவாதம் நீளவில்லை. தோற்ற ஆட்டத்துக்கு இத்தனை வருடம் கழித்துச் சாட்டுத் தேடுகிறாள் என்ற நினைப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது. அரியநாயகம்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோஜனாவின் பெயர் முடிவாயிற்று.

வெளியே ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் பிரியவதனி வந்து நின்றாள்.

"முறிஞ்ச விரலோடை விளையாட விட்டனான் எண்டு தெரிஞ்சால் தாய் தேப்பன் பிள்ளையளை என்னட்டை விடுவினமோ, மீனா? உமக்கு இனி அந்தப் பேராலை என்ன வரப்போகுது?"

"அப்ப உமக்கு ஞாபகம் இருக்கு."

பிரியவதனி வழக்கம்போல ஏறுவதற்காகப் பின் இருக்கையில் கையை வைத்தாள். மீனலோசனி அந்தக் கையை எடுத்து விட்டுவிட்டு, தனியே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். படம் கிடைக்காதது அவளுக்கு வலிக்கவில்லை. லோஜனா நன்றாக ஆடியவள்தான். இத்தனை வருடமாகத் தன் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பியிருந்ததை நினைக்கத்தான் வெட்கமாயிருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு அவள் போகவில்லை. அடுத்த வாரம் பிரியவதனி மலரோடு கூட்டுறவுச் சங்கத்துக்கே வந்து, உள்ளே ஒரு முழுப் பக்கம் மீனாவைப் பற்றித் தானே எழுதியிருப்பதாகச் சொன்னாள். மீனலோசனி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைக்கவில்லை.

"மேசையிலை வைச்சிட்டுப் போங்கோ," என்றாள்.

நீர் என்றும் வாரும் என்றும் பழகியவளை அவள் அன்றுதான் முதன்முதலாக நீங்கள் என்று பேசினாள். பிரியவதனிக்கு அது விளங்கியது. மலரை வைத்துவிட்டு வெளியே போனாள்.