துணை உள்ள குழு

செவிலி உறையைக் கிழித்து, உள்ளே இருந்த சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நல்ல சீட்டாத்தான் விழுந்திருக்கு ஐயா. நீங்க துணை உள்ள குழு."

லிஃப்ட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தச் சீட்டையே பார்த்தார். "நல்லதுங்க" என்றார். அவர் எதிர்பார்த்தது மற்றதை.

இவளுக்கு அவர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் படிவக்காரம்மா. எப்போது வந்தாலும் மார்போடு அணைத்த அட்டையும் அதில் செருகிய படிவங்களும்தான். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது வரிசையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இடுப்பு மூட்டை மாற்றும்போது, மயக்கம் தெளிகிற நேரத்தில் சிலருக்குப் புத்தி கலங்கிவிடுகிறதாம். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழாயைப் பிடுங்குவார்கள், இறங்கி ஓடப் பார்ப்பார்கள். கண் திறக்கும்போது நெருங்கிய சொந்தம் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இது குறையுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு வழக்கம்போல யாரையும் மயக்கம் தெளிகிற அறைக்குள் விடமாட்டார்கள். மீதிப் பாதிக்கு ஒரே ஓர் ஆள், இரண்டு மணி நேரம்; அடுத்த இரண்டு நாளும் சாயங்காலம் அரை மணி. யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

"அப்ப தலையெழுத்தையும் இனிமே கம்ப்யூட்டர்தான் எழுதுமா?" என்று கேட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்து நாளாகியிருந்தது.

ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது அந்தச் சிரிப்புக்காக அல்ல. இந்த மருத்துவமனையில் காலடி வைத்த நாளிலிருந்து எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. சேர்க்கைச் சீட்டு எழுதுகிறவர், ரத்தம் எடுத்த பெண், எக்ஸ்ரே எடுத்த ஆள், சக்கர நாற்காலி தள்ளியவர் எல்லோரும், "கூட யார் வந்திருக்காங்க?" என்றார்கள். "வருவாங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் அலுத்துப்போனது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குழிகளிலும் கூரை அறைகளிலும் தனியாக வேலை செய்தவர். கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். தனிமை அவருக்குப் பழகியதுதான். அதை ஊராருக்கு விளக்கிக்கொண்டிருப்பதுதான் பழகவில்லை. துணை இல்லாத குழுவில் சீட்டு விழுந்தால் அந்தத் தொல்லை இல்லை. 'ஆராய்ச்சிங்க, யாரையும் விடமாட்டாங்களாம்' என்று நிமிர்ந்து சொல்லலாம். தனியாகக் கிடப்பதற்கு ஒரு காரணம், அதுவும் அச்சடித்த காரணம். 'உடனிருப்பவர்' என்ற கட்டத்தில் தம்பியின் எண்ணை எழுதினார். மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். பாதிக்குப் பாதி தப்பித்துவிடலாம் என்பது கணக்கு.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். உங்க தம்பிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். நானே சொல்லிடறேன்."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "கஷ்டம்னா விலகிக்கலாம் ஐயா. வைத்தியத்துல ஒரு குறையும் வைக்கமாட்டாங்க."

விலகினால் அதற்கும் ஒரு படிவம் இருக்கும், அதிலும் காரணம் எழுத ஒரு கோடு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தடியை ஊன்றிக்கொண்டு நடைகூடத்துக்குப் போனார்.

தம்பியோடு மனம்விட்டுப் பேசிப் பதினோரு வருடம். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அப்பாவின் கடைசி வாரத்தில் இருவரும் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். அன்று பிற்பகல் இவர் முறை. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே நாலு பேர், ஒருத்தருக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. வேறு மெக்கானிக் வந்து சேர ஒரு மணி நேரமாகும். தம்பி கிளம்பிவிட்டதாகச் சொல்லியிருந்தான், அப்பாவும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதருகே குனிந்து "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். தம்பி ஏறிய பஸ் வழியில் நின்றுபோனது. நடுவில் இருந்த நாற்பது நிமிடத்தில் அப்பா போய்விட்டார்.

கிரீஸ் கையோடு திரும்பி வந்தபோது தம்பி வார்டு வாசலில் நின்றிருந்தான். கத்தவில்லை. "நாலு பேரையும் வெளிய எடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீ, வா, போ' என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அன்றுதான் முதல் தடவை 'நீங்க'. அதற்குப் பிறகு எதிர்ப்பட்ட இரண்டொரு சாவு வீடுகளிலும் அதே மரியாதைதான். நம் மொழியில் ஒருவரைத் தள்ளி வைக்கத் திட்ட வேண்டியதே இல்லை.

தம்பி நாலாவது மணியில் போனை எடுத்தான்.

"நான்தான்டா."

மறுமுனையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. தம்பிக்குப் பேக்கரியில் வேலை. விடியுமுன் அடுப்பு மூட்டிப் பகலில் தூங்குகிறவன். "சொல்லுங்க" என்றான்.

சொன்னார். இடுப்பு, ஆபரேஷன், ஆராய்ச்சி, துணை. சொல்லச் சொல்ல, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல அவர் குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது. "பத்தரைக்கு மேல. ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா போதும். முடியலைன்னா பரவால்ல, வேற ஆளப் பாத்துக்கறேன்."

"வேற ஆள் யார் இருக்காங்க உங்களுக்கு?"

குத்திக் காட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

"பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஆபரேஷன் அறையின் வட்ட விளக்குக்குக் கீழே படுத்திருந்தது நினைவிருக்கிறது. மூக்கின் மேல் மாஸ்க்கை வைத்து, மூச்சை நல்லா இழுங்க என்றார்கள். அடுத்து நினைவில் இருப்பது வார்டின் மின்விசிறி. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு கெட்டித் தலையணையை வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். படிவக்காரம்மா அட்டையோடு நின்றிருந்தாள்.

"தம்பி..." என்றார். நாக்கு மரத்துப் போயிருந்தது.

"வந்தாரே! உங்கள வெளிய கொண்டுவர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டார். ரெண்டு மணி நேரம், பத்து நிமிஷம். வேலைக்குத் தூங்கணும்னு இப்பதான் கிளம்பினார்."

அவர் கண்களை மூடித் தேடினார். ஒன்றும் இல்லை. வட்ட விளக்கும் மின்விசிறியும் வெட்டி ஒட்டியதுபோல நெருங்கி நின்றன. நடுவில் ஒரு இழைகூட அகப்படவில்லை.

"நான் ஏதாவது பேசினேனா?"

"பேசாமலா? விடாம பேசினீங்க."

"என்ன பேசினேன்?"

"அத நான் எழுதறதில்ல ஐயா. தெளிவா பேசறாரா, குழப்பமா பேசறாரா, அவ்வளவுதான் என் கட்டம். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டேன். இருபதுலேருந்து பின்னாடி எண்ணச் சொன்னேன். பதினாலு வரைக்கும் வந்துட்டு விட்டுட்டீங்க."

"காதுல ஏதாவது விழுந்திருக்குமே."

அவள் தயங்கினாள். "அழுதீங்க. உங்க தம்பி கையைப் புடிச்சிட்டிருந்தார். குடும்ப விஷயம்னு நான் தள்ளிப் போயிட்டேன். 'நான் இங்கதான் இருக்கேன், நீ தூங்கு, நீ தூங்கு'ன்னு அவர் சொன்னது மட்டும் கேட்டுது."

"நீ-ன்னா சொன்னான்?"

"ஆமா. ஏன், சொல்லக்கூடாதா?"

"நல்லா ஞாபகம் இருக்கா சிஸ்டர்? நீங்க-ன்னு சொல்லலையே?"

அவள் கலவரத்தோடு படிவத்தைப் பார்த்தாள், புத்திக் கலக்கம் இன்னும் தெளியவில்லையோ என்று. அவர் தலையை ஆட்டி, ஒன்றுமில்லை என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் தன் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கையைப் பிடித்தான் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். வலி மருந்து தரும் செவிலி வந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்றபோது யோசிக்காமல் இரண்டு என்றார். பதினோரு வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுகை எதற்கு? அவன் என்ன பதில் சொன்னான்? மன்னித்தானா? எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது, பக்கத்தில் சாட்சிகூட இருந்திருக்கிறாள். அவர் ஒருவர்தான் அங்கே இல்லை.

அடுத்த நாள் நாலரைக்குத் தம்பி வந்தான். முன்னந்தலை மொத்தமும் நரைத்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எப்படி இருக்கீங்க?" என்றான்.

"இருக்கேன். உக்காரு."

உட்கார்ந்தான். முழங்கையருகே அடுப்புச் சூடு பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. சாப்பிட்டீங்களா என்றான், சாப்பிட்டேன் என்றார். எப்ப நடக்க விடுவாங்க என்றான், நாளைக்கு என்றார். பிறகு கேட்டேவிட்டார். "நேத்து நான் என்னடா சொன்னேன்?"

"மயக்கத்துல சொன்னது. விடுங்க."

"சொல்லுடா."

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிச்சுன்னீங்க. உடனே போகணும்னு எந்திரிக்கப் பாத்தீங்க. ரெண்டு பேர் வந்து அமுக்கிப் புடிச்சாங்க."

"யாரு மாட்டிக்கிட்டதா சொன்னேன்?"

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து தழும்பைச் சொறிந்தான். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவானோ என்று பயமாக இருந்தது. சற்று நேரத்தில் அவன் தலை பக்கவாட்டில் சரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. காலையிலிருந்து தூங்காமல் வந்திருக்கிறான்.

படிவக்காரம்மா அட்டையோடு எட்டிப் பார்த்து, "எழுப்பட்டுமா?" என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "பேசிட்டிருந்தீங்கன்னு போடவா?"

"இருந்தான்னு போடுங்க."

அவள் எழுதிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் அவரைத் தாண்டி நேராகத் தம்பியின் முகத்தில் விழுந்தது. தூக்கத்திலேயே அவன் கண்ணைச் சுருக்கினான். திரைச்சீலை கைக்கு எட்டாது, இடுப்பைத் திருப்பக்கூடாது. அவர் ஊசி குத்தாத கையைத் தூக்கி வெயிலுக்கு நடுவே பிடித்தார். நிழல் தம்பியின் முழங்கால்வரைதான் போனது. கையை இன்னும் உயர்த்தினார். விரல்களின் நிழல் மெதுவாகச் சட்டைப் பொத்தான்கள் மேல் ஏறி, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.