வலைமுடிச்சு போட்ட கத்தி

சண்டை முடிந்து விடத்தல்தீவில் மீளக் குடியேறிய நாள் முதல் அருளம்மா இடுப்பில் கத்தி இல்லாமல் வெளியே இறங்கினதில்லை. மீன் வெட்டுகிற கத்திதான். சாக்குத் துண்டில் சுற்றி, நைலோன் நூலால் கட்டி, சேலைக்குள் மறைத்துச் செருகியிருப்பாள். இழுத்தால் இறுகுகிற வலைமுடிச்சு. அவள் கைக்குப் பழகினது அதுதான்.

அன்று காலை மீன் ஏலத்தில் சனம் கூடி நிற்க, முகத்தைத் துவாயால் மூடிய ஒருத்தன் கள்ளுச் சீவுகிற பாளைக்கத்தியோடு உள்ளே பாய்ந்தான். சனம் சிதறி ஓடியது. மகள் சுவேதினி கூடையில் தடக்கி விழுந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

அருளம்மா தன் கத்தியை இழுத்தாள். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. "அந்தோனியாரே!" என்று கத்திக்கொண்டு, சாக்கோடேயே அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பாளைக்கத்தி மணலில் விழுந்தது. ஆட்கள் அவனை அமத்திப் பிடித்தார்கள்.

துவாய் விலகியது. பக்கத்து வீட்டு லீனப்பு. சண்டையில் பெண்சாதி பிள்ளைகளை இழந்துபோட்டுத் தனியே திரும்பி வந்தவன்.

"பிள்ளையைப் பிடிக்க வாறாங்கள் மாமி, கூட்டிக்கொண்டு ஓடுங்கோ," என்று, சண்டை இன்னும் முடியாதது போல அழுதான்.

அருளம்மா சாக்குக்குள் கிடந்த கத்தியையும் அவன் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவேதினி சிரித்தாள். "இந்த முடிச்சைப் போட்டுக்கொண்டோ அம்மா எங்களைக் காப்பாத்தப் போறீங்கள்? தாங்கோ, நூலை அறுத்துவிடுறன்."

"விடு பிள்ளை. அப்படியே கிடக்கட்டும்."

அடுத்த நாளும் முடிச்சு அவிழாத கத்தியைச் செருகிக்கொண்டுதான் ஏலத்துக்குப் போனாள்.