செல்லபாயின் பூனை

சுசீலாபாய்க்கு அந்தப் பூனையைக் கண்டால் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, பயம் பயம்தானே! நாய்க்குப் பயப்படலாம், பாம்புக்குப் பயப்படலாம், கட்டிய புருஷனுக்குப் பயந்து செத்தவர்கள்கூட உண்டு. சோம்பிக் கிடக்கும் ஒரு வெள்ளைப் பூனைக்குப் பயந்தவள் திருவனந்தபுரத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் அது நம் தெருவில் அலைகிற சாதி இல்லை, பாரசீகப் பூனை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சீமைக்குத் திரும்பும்போது, கூட வேலை பார்த்த நர்சு செல்லபாயிடம் கொடுத்துவிட்டுப் போனது. சப்பை மூக்கு, குட்டைக் கால், கழுத்தைச் சுற்றித் தலையணை கட்டியதுபோல முடி, செம்பு நிறத்தில் உருண்டைக் கண். எலி பிடிக்காது, மதில் தாவாது, வாய் திறந்து கத்தவும் செய்யாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே பார்க்கும். அந்தப் பார்வைதான் சுசீலாவுக்கு ஆகாது.

செல்லபாய் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபின், அவள் புருஷன் சத்தியநேசனுக்கு இரண்டாம் தாரமாக மார்த்தாண்டத்திலிருந்து வந்தவள் சுசீலா. வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டாள்: "செல்லபாய் விட்டுட்டுப் போனது ரெண்டு உயிரு பிள்ளே. ஒண்ணு மக ஷைலா, ஒண்ணு இந்தப் பூச்சை. ரெண்டையும் நல்லாப் பாத்துக்கோ. ஊரு பாத்துக்கிட்டு இருக்கு, கேட்டியா?"

ஊர் கிடக்கட்டும், அதற்கு வேறென்ன ஜோலி? புருஷன் என்ன நினைப்பார் என்பதுதான் சுசீலாவின் கவலை. மூத்தவள் விட்டுப்போன உயிருக்குச் சித்தி ஏதோ செய்துவிட்டாள் என்று அவர் மனசில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? ஆறு வயசு ஷைலா, சித்தி வந்த மூன்றாம் நாளே அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தது. அதையும் கர்த்தர் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தாள்.

சத்தியநேசன் கோபக்காரர் இல்லை. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, அதிர்ந்து பேசமாட்டார். பூனை விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "கண்ணில தண்ணி வடியும், பஞ்சால துடைக்கணும். சாயங்காலம் பவுடர் தூவி, பல் அகலமுள்ள சீப்பால சீவணும். ஒரு நாளும் விடப்பிடாது. செல்லா விடமாட்டா" என்றார்.

சுசீலாவும் விடவில்லை. ஆனால் முதுகையும் வாலையும் மட்டும்தான் சீவினாள். அதை மல்லாத்திப் போட்டு வயிற்றையும் அக்குளையும் சீவ வேண்டுமென்றால் அந்தக் கண்ணுக்கு நேரே குனிய வேண்டுமே! ஆபீசிலிருந்து வந்ததும் அவர் தடவிப் பார்ப்பது முதுகை. முதுகு பட்டுமாதிரி இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. வீடெல்லாம் ஈரம். ஒரு மத்தியானம் பூனை முன்காலை அகட்டி அகட்டி நடந்தது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு அக்குளில் கைவிட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவுக்கு முடி சிக்குப்பிடித்துக் கட்டியாய்க் கிடந்தது. ஐயோ, இத்தனை நாள் என்னத்தைச் சீவினாய் என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? அவர் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். சீப்பு இறங்கவில்லை. துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். கட்டியை இடது கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, அடியோடு ஒரே வெட்டு.

பூனை கத்தவில்லை. உடம்பு மட்டும் ஒருமுறை துள்ளியது. கையோடு வந்த கட்டியில் முடியோடு தோலும் இருந்தது. அக்குளில் ரூபாய்க்காசு அளவுக்குத் தோல் வாய் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பாய்ச் சதை தெரிந்தது.

"கர்த்தாவே!" என்று அலறினாள்.

"என்ன பிள்ளே சத்தம்? செல்லபாய்க்க பூச்சைக்கு என்ன?" வேலிக்கு அந்தப்புறம் சொர்ணம்மாள்.

"ஒண்ணுமில்லே" என்றாள். வேலி முள்கம்பி கிழித்துவிட்டது என்று அவரிடம் சொல்லலாமா? கம்பி இப்படி நேராகக் கிழிக்குமா? அதற்குள் பூனை அவள் மடியிலேயே தலையைச் சாய்த்தது. வெட்டியவள் மடி என்றுகூடத் தெரியவில்லையே சவத்துக்கு! அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து மிருகாசுபத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் தையல் போட்டார். "பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொன்னார். நீள முடிப் பூனைக்குத் தோல் காகிதம்போல மெலிசு, கட்டியை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும், கத்தரியே வைக்கக்கூடாது, விரலால்தான் பிரிக்க வேண்டும் என்றார்.

சத்தியநேசன் வந்ததும் ஒன்றையும் மறைக்கவில்லை. அடியில் சீவாமல் விட்டது, கத்தரி எடுத்தது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தையலை வெகுநேரம் பார்த்தார்.

"சாரமில்லே, போட்டும். தெரியாமச் செய்ததுதானே" என்றார்.

அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

காலையில் ஷைலா பள்ளிக்கூட உடுப்போடு, சீப்பும் ரிப்பனுமாய் வழக்கம்போல சித்தி மடியைத் தேடி வந்தது. சத்தியநேசன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"கொண்டா மக்களே. இன்னைக்கு அப்பா சீவி விடுகேன்."

அவருக்கு வகிடு எடுக்கக்கூடத் தெரியாது. சீப்பு சிக்கில் மாட்டி, பிள்ளை வீல் என்றது. "வலிக்குப்பா! சித்தி சீவட்டும். சித்தி சீவினா வலிக்காது."

"அடங்கி இரு."

"நான் வேணும்னு செய்யல்லே" என்றாள் சுசீலா.

"நான் ஒண்ணும் சொல்லல்லியே சுசீலா." நேற்றைய அதே தணிந்த குரல். நிமிர்ந்து மட்டும் பார்க்கவில்லை.

சீப்பை வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் ஓர் எட்டு வைத்தாள். அவர் பிள்ளையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இழுத்து இறுக்கிக்கொண்டார்.