காருக்குத் தைத்த பனியன்

ஒரு காருக்குச் சட்டை தைக்கச் சொன்னால் நீங்கள் எங்கே இருந்து அளவு எடுப்பீர்கள்? எனக்கு அந்தக் காரைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு தாளைத்தான் கொடுத்தார்கள். நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள், எல்லாம் மில்லிமீட்டரில். இன்ச்சுக்கு மாற்றினேன். நூற்றெழுபத்தாறு, அறுபத்தொன்பது, ஐம்பத்தாறு. பதினேழு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நான் வெட்டியதில் பெரிய உடம்பு ஒரு ஜெர்மனிக்காரனுடையது. இந்த உடம்புக்குக் கழுத்தும் இல்லை, கையும் இல்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பது. வெளிநாட்டு ஆர்டர்கள் வரிசையாக ரத்தான வருஷம். எந்தக் கம்பெனி வாசலிலும் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்கவில்லை. திருப்பூர் நல்லூரில் எங்கள் முதலாளி சசிகுமாரின் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மெஷின்களில் ஒன்பதின் மேல் துணி போர்த்தியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமையோடு மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு கார் ஷோரூம் மேனேஜர் வந்தார். புதிதாக ஒரு வெளிநாட்டுக் கார் வருகிறது, சொகுசுக் கார்தான், ஆனால் சின்னது, விலையும் அந்த வகையில் குறைவு. கடைக்கு வருமுன் திருப்பூர் முதலாளிகளுக்கு மட்டும் காட்டப் போகிறார்கள். அதை மூடி வைக்க ஒரு கறுப்புத் துணி உறை வேண்டும், இழுத்தால் சரேலென்று கழன்று விழ வேண்டும். நன்றாக அமைந்தால் ஷோரூம் ஆட்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க இரண்டாயிரம் டீ ஷர்ட் ஆர்டர் எங்களுக்கு. கம்பெனி ஒரு மாசம் ஓடும்.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். அங்கே எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. கம்பெனியில் என் ஊர்ப் பேச்சு பேச மிச்சம் இருந்தது ரோஸ்மேரி ஒருத்திதான், திசையன்விளைக்காரி, ஓவர்லாக் டெய்லர். கம்பெனி மூடினால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஊருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். டிக்கெட் எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.

ரத்தான ஆர்டரில் மிச்சம் கிடந்த, இழுத்தால் நீளுகிற கறுப்பு லைக்ரா துணியை விரித்து வெட்டினேன். அடியில் காரைக் கவ்விப் பிடிக்க எலாஸ்டிக் வைத்திருந்தேன். ரோஸ்மேரி ஒரு பக்கம் தைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம். இது போடுததுக்குத் தைக்கமா, கழத்துததுக்குத் தைக்கமா?”

“ஏன்?”

“இப்படிக் கவ்விப் புடிச்சா எப்படிக் கழத்துவாவ? கல்யாண மாப்பிள மாதிரி கார் உள்ளயே இருந்துகிட்டு வரமாட்டேங்கும்.”

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமும் உடம்பை விட்டு நழுவாத துணியைத்தான் வெட்டி வந்திருக்கிறேன். எலாஸ்டிக்கைப் பிரித்து எடுத்தோம். அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நானும் முதலாளியும் உறையை எடுத்துப் போனோம். அங்கேதான் காரை முதலில் பார்த்தேன். வெள்ளை நிறம். பெரிய கார் ஒன்றின் முகத்தைச் சின்ன உடம்பில் வைத்தது போல் இருந்தது. பின்பக்கம் குட்டையாக வெட்டி நின்றது. கதவைச் சாத்தினால் சத்தமே வரவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் காது மாதிரி கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. தாளில் இருந்த அகலத்தில் அது சேரவில்லை. “மடங்கும்” என்றார் மேனேஜர். மடக்கினார். உறையைப் போட்டோம், ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது.

ஆறு மணிக்கு முதலாளிமார் வந்தார்கள். சென்னையில் இருந்து வந்த ஒருவர் இங்கிலீஷில் பேசினார். பேச்சு முடிகிற இடத்தில் விளக்கு மின்ன வேண்டும் என்று மேனேஜர் சாவியில் ஒரு பொத்தானை அழுத்தினார். துணிக்குள் விளக்கு மின்னியது. கூடவே மடக்கி வைத்த இரண்டு கண்ணாடியும் தானாக விரிந்தது. துணிக்கு உள்ளே இரண்டு காது முளைத்ததை நான் பார்த்தேன். சொல்ல நேரம் இல்லை. இரண்டு பெண்கள் துணியை இழுத்தார்கள்.

துணி பாதி வந்து கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. இன்னும் இழுத்தார்கள். ஒரு முழம், இரண்டு முழம் நீண்டது. யாரோ சிரித்தார்கள். நான் ஓரத்தில் இருந்து போய், சின்னப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி ஒவ்வொரு காதாகத் தூக்கி விடுவித்தேன். துணி கீழே விழுந்து பழைய அளவுக்குச் சுருங்கியது.

கூட்டம் காருக்குப் போகவில்லை. முன்வரிசையில் இருந்த நஞ்சம்மாள், காங்கேயம் ரோட்டில் பெரிய கம்பெனி வைத்திருப்பவர், குனிந்து துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்த இழுப்புக்கும் கிழியலைங்களே. தையலும் விடல. சாயமும் நல்லாப் புடிச்சிருக்குது, யாரு டையிங்குங்க?”

“லைக்ரா எவ்வளவு சதவீதமுங்க?” என்றார் இன்னொருத்தர்.

ஏழெட்டுப் பேர் தரையில் கிடந்த துணியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர், “சார், இன்டீரியர் பாருங்க சார்” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் மட்டும் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

“முட்டி இடிக்குதுங்களே.”

“எந்திரிச்சு வாங்க மாமா. அந்த வெலைக்கு ரெண்டு நிட்டிங் மெஷின் வாங்கிப் போடலாம்” என்றார் துணிப் பக்கம் இருந்த ஒரு சின்ன வயசுக்காரர்.

“போட்டு? ஓட்டறதுக்கு ஆர்டரு நீ குடுப்பியா?”

மேனேஜர் சசிகுமாரிடம் வந்தார். “உங்க துணியப் பார்க்கவா சார் மண்டபம் புடிச்சோம்?” என்றார். ஆர்டரைப் பற்றிக் கேட்டதற்கு நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஊத்துக்குளி ரோட்டில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கும் அய்யாசாமி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மாஸ்டரு நீங்கதானுங்களா? நாளைக்குக் காலைல நம்ம கம்பெனிக்கு வந்துருங்க. ஒம்பது மணிக்கு முன்னாடி வந்துரோணும், அப்பறம் கேட்டைச் சாத்திருவோம்.”

“கிழியாமத் தச்சது ஒரு டெய்லருங்க. அவங்களையும் கூட்டிட்டு வரட்டுங்களா?”

“டெய்லருக்கு எங்கீங்க எடம்? இருக்கறவங்களையே பாதியா நிறுத்திப் போட்டேன். நீங்க வாங்க.”

அவர் கொடுத்த கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரூமுக்கு நடந்தே போனேன். பஸ் இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் எங்கள் கம்பெனிக்குள் நுழைந்தபோது ரோஸ்மேரி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதுக்குச் சசிகுமார் வந்து உறையை மேசை மேல் போட்டார். “போன் வந்துச்சுங்க மாஸ்டர். டீ ஷர்ட்ட வேற எடத்துல குடுத்துக்கறாங்களாம். சனிக்கெழம வரைக்கும் சும்மா இருக்கறதுக்கு, இதுல எத்தன பனியன் பீஸ் வரும்னு பாருங்க.” விரித்துப் பார்த்தேன். கண்ணாடி மாட்டிய இரண்டு இடத்திலும் துணி லேசாக உப்பியிருந்தது. அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டு மார்க் பண்ணினேன். பதினாலு பீஸ் வந்தது. முதல் பீஸை வெட்டி ரோஸ்மேரியிடம் கொடுத்தேன்.

“என்ன நூல் போட மாஸ்டர்?” என்றாள்.

கறுப்பு என்றேன். மணி ஒன்பது இருபது. அவள் மெஷினைப் போட்டாள்.